கழுவெளியின் மேல் நிற்கும் குடியிருப்பு அதற்கு எதையாவது திருப்பித் தர முடியுமா?

கேள்வி: வேளச்சேரிவாசி

நண்பர்களுக்கு வணக்கம். வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் இடையில், ஒன்றரை ஏக்கர் மனையில் எழுந்த 84 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். சென்ற ஆண்டு முதல் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் வாகன நிறுத்தத் தளத்தில் இடுப்பளவு நீர் நின்றது. இரண்டாம் முறை அது வடிய நான்கு நாள்கள் ஆயின. வீடு வாங்கியபோது இவ்விடம் ஒரு காலத்தில் சதுப்பாக இருந்தது என்று எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏதேனும் செய்தாக வேண்டும் என்று உறுப்பினர்கள் நிதி திரட்டியிருக்கிறார்கள். கட்டடத்தைச் சுற்றியுள்ள திறந்தவெளி முழுவதிலும் கிராவல் கொட்டி இரண்டடி உயர்த்தி, மேலே பேவர் பிளாக் பதித்துவிடலாம் என்பது பெரும்பாலோரின் விருப்பம். இன்னொரு திட்டத்தை ஓர் ஆலோசனை நிறுவனம் கொடுத்திருக்கிறது: சுவர்களில் செங்குத்துத் தோட்டம், மதிலோரம் 200 மரக்கன்றுகள், புதிதாகக் கட்டவிருக்கும் சமூகக் கூடத்துக்கு முழுக் கண்ணாடி முகப்பு. இவற்றைச் செய்தால் ‘பசுமைக் குடியிருப்பு’ என்று சான்றிதழும் வாங்கித் தருவார்களாம்.

மொட்டை மாடியில் நின்றால் சதுப்பின் மிச்சம் தெரிகிறது. சில ஆண்டுகளில் பூநாரைகளையும் பார்த்திருக்கிறேன். அந்த நிலத்துக்குக் கேடு செய்துதான் இங்கே குடியிருக்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. இப்படி ஏற்கெனவே கட்டி முடிந்த ஒரு கட்டடம் தான் அழித்த இயற்கைக்கு உண்மையிலேயே எதையாவது மீட்டுத் தர முடியுமா, அல்லது மேலும் கெடுக்காமல் இருப்பதுதான் அதனால் ஆகக்கூடியதா? இரண்டு திட்டங்களில் எது தேவலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கலங்கல்

ஏரிகளோடும் வாய்க்கால்களோடும் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் திட்டத்தைக் கைவிடுங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, அதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

தென்சென்னையில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை பள்ளிக்கரணையை நோக்கித்தான் வருகிறது. அந்தப் பரப்பில் இருந்த ஏரிகள் தனித்தனிக் குளங்களாக வெட்டப்பட்டவை அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தால் அந்த உபரி நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகும். கீழ்க்கட்டளை வழிந்து நாராயணபுரத்துக்கும், நாராயணபுரம் வழிந்து, கழுவெளி என்று நாங்கள் சொல்லும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் வரும். கழுவெளியிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே திரும்பி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும். நிலம் ஏறக்குறையக் கடல்மட்டத்தில் இருப்பதால் இந்தக் கடைசிப் பயணம் மிக மெதுவாகத்தான் நடக்கும். கடலில் ஓதம் ஏறியிருக்கும் வேளையிலோ, முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் வேளையிலோ நடக்கவே நடக்காது. அதுவரை நீர் எங்காவது காத்திருக்க வேண்டும் அல்லவா? அது காத்திருந்த இடந்தான் கழுவெளி.

50 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த அந்த இடத்தைப் பயனற்ற நிலமாகவே நெடுங்காலம் கருதினோம். பயனற்ற நிலம் என்று ஏட்டில் எழுதிவிட்டால் அதன்பின் எதையும் செய்யலாம். பெருங்குடியில் குப்பையைக் கொட்டினோம். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மனை ஒதுக்கினோம். பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலையை அதன் குறுக்கே போட்டோம். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பரப்பு 1,247 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். வந்து சேரும் நீர் குறையவில்லை, காத்திருக்கும் இடம் குறைந்துவிட்டது. 250 சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் 2.5 கோடி கன மீட்டர் நீராகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் ஏறக்குறைய கால் பங்கு. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் பெய்தது ஒரே நாளில் 49 செ.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் இரண்டடிக்கு வருவோம். ஒன்றரை ஏக்கரில் பாதி திறந்தவெளி என்று கொண்டால் 3,000 சதுர மீட்டர். அதை இரண்டடி உயர்த்துவது, வெள்ளக் காலத்தில் அங்கே நின்றிருக்கக்கூடிய 18 லட்சம் லிட்டர் நீரை, அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 150 கொள்ளும் நீரை, மதிலுக்கு அப்பால் தள்ளிவிடுவதாகும். அடுத்த மனைக்காரர் மறு ஆண்டு தன் மனையை மூன்றடி உயர்த்துவார். அதற்கடுத்த ஆண்டு, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுச் சாலையும் உயர்ந்துவிடும். தெருவிலிருந்து மூன்று படி இறங்கி வீட்டுக்குள் நுழைபவர்களை உங்கள் பகுதியிலேயே பார்த்திருப்பீர்கள். அவர்களும் ஒரு காலத்தில் மூன்று படி ஏறித்தான் நுழைந்தார்கள்.

ஆகவே உயர்த்தாதீர்கள், முடிந்தால் தாழ்த்துங்கள். வாகனம் நிற்காத திறந்தவெளியை ஓரடி வெட்டிப் பள்ளத் தோட்டமாக்கி, கட்டடத்தைச் சுற்றிய நடைபாதையை மட்டும் மேட்டில் வைத்துக்கொள்ளலாம். மின்பலகை, மோட்டார், ஜெனரேட்டர் ஆகியவற்றை 2015இன் வெள்ளக் குறிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். நீர் வந்தால் நனைந்தாலும் கெடாதவை மட்டுமே கீழே இருக்க வேண்டும்.

இன்னொன்று, மழைநீர் சேகரிப்பு. 2003இல் அது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது நகரத்துக்கு நன்மை கிடைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடங்களில் அருமையாக வேலை செய்யும் உறிஞ்சு குழி, உங்கள் களிமண்ணில் நவம்பர் மாதத்திலேயே நிரம்பிச் சும்மா கிடக்கும். நிலத்தடி நீர்மட்டமே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது எதை எங்கே உறிஞ்சுவது? உங்களுக்கு வேண்டியது தொட்டி. 2,400 சதுர மீட்டர் கூரை இருந்தால், ஒரு லட்சம் லிட்டர் தொட்டி முதல் 4 செ.மீ. மழையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பெருவெள்ளத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயந்தான். ஆனால் பருவத்தில் பெரும்பாலான மழை நாள்கள் அதற்குள் அடங்கிவிடும். லாரிக்குக் கொடுக்கும் பணமும் குறையும்.

பதில்: நாமக்கோழி

பெரியவர் கலங்கல் நீரின் அளவைப் பற்றிச் சொல்லிவிட்டார். பல ஆண்டுகளாகப் பள்ளிக்கரணையில் பறவை பார்த்து வருபவள் என்பதால், நீரின் தரத்தையும் காலத்தையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் இரண்டு திட்டங்களிலும் இடம்பெறாத ஒன்றுதான் கழுவெளியை அதிகம் பாதிக்கிறது.

84 வீடுகள், வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவு என்ற வழக்கமான கணக்கின்படி பார்த்தால், உங்கள் குடியிருப்பிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கழிவுநீர் சுமார் 36,000 லிட்டர், ஆண்டுக்கு 1.3 கோடி லிட்டர். ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. மழை பெய்யும் இந்நகரத்தில் உங்கள் ஒன்றரை ஏக்கரில் விழும் மொத்த மழையே 85 லட்சம் லிட்டர்தான். உங்கள் மனையிலிருந்து வெளியே போகும் நீரில் மழையைவிடக் கழிவு அதிகம் என்று இதற்குப் பொருள். அது முறையாகச் சுத்திகரிக்கப்படாமல் மழைநீர் வடிகாலிலோ, இரவில் லாரியிலோ போனால் முடிவில் சேருமிடம் ஒன்றே.

கழிவுநீர் கழுவெளிக்கு இரண்டு விதமாகக் கேடு செய்கிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு எருவாகி, அது நீர்ப்பரப்பை மூடி, அடியில் உயிர்வளி குறைந்து மீன்கள் சாகின்றன. இது பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாதது மற்றொன்று. கழுவெளி ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, கோடையில் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க வேண்டிய நிலம். நீர் மெல்ல மெல்லப் பின்வாங்கும்போது நாள்தோறும் புதிதாக வெளிப்படும் சேற்றில்தான் வலசை வரும் உள்ளான்கள் இரை தேடுகின்றன. ஆண்டு முழுவதும் கழிவுநீர் வந்துகொண்டே இருந்தால் அந்த வற்றுதல் நடப்பதில்லை. சம்பங்கோரையும் ஆகாயத்தாமரையும் நிலையாகக் குடியேறிவிடுகின்றன.

ஆகவே உங்கள் நிதியில் முதல் ரூபாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகட்டும். அது ஒழுங்காக ஓடுகிறதா, மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் நிறுத்தி வைக்கப்படுகிறதா என்று செயலாளர் என்ற முறையில் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். சுத்திகரித்த நீரைக் கழிவறைகளுக்கும் தோட்டத்துக்கும் திருப்பினால், வெளியேறுவதும் குறையும், வாங்குவதும் குறையும்.

சான்றிதழ்த் திட்டத்தைப் பற்றிச் சொல்வதானால், கண்ணாடி முகப்பு இந்த இடத்துக்குச் சற்றும் பொருந்தாதது. வானத்தையும் மரத்தையும் பிரதிபலிக்கும் கண்ணாடியைப் பறவை திறந்தவெளி என்றே எண்ணி வந்து மோதும். கண்ணாடிதான் வேண்டுமென்றால் அதன் வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் பதிக்கச் சொல்லுங்கள். இரவு விளக்குகள் கீழ்நோக்கி இருக்கட்டும். 200 மரக்கன்றுகளைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, மன்னியுங்கள். சதுப்பு இயல்பிலேயே மரமற்ற வெட்டவெளி, அதற்கு மரம் நட்டுத் தருவது மீனுக்குக் குடை கொடுப்பது போன்றது. உங்கள் மனைக்குள் நிழலுக்காக நீர்மருதும் புங்கனும் நாவலும் பத்து வையுங்கள், போதும். அவை கால் நனைந்தாலும் தாங்கும். பள்ளத் தோட்டத்தில் கோரையும் வெட்டிவேரும் வளரட்டும்.

பதில்: காலாங் கரையிலிருந்து

சிங்கப்பூரில் நிலவனப்பு வடிவமைப்புத் துறையில் பணியாற்றுகிறேன். ‘மீட்டுத் தர முடியுமா’ என்ற கேள்விக்கு இங்கிருந்து ஒரு சான்றையும், உடனே ஓர் எச்சரிக்கையையும் தர முடியும்.

பீஷான் – அங் மோ கியோ பூங்காவின் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாய்ச் செல்லும் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. வெள்ளத்தை விரைவாகக் கடத்துவதற்காக முந்தைய தலைமுறைப் பொறியாளர்கள் கட்டியது அது. கால்வாயைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது, மீண்டும் கான்கிரீட் போடுவதற்குப் பதிலாக அதை உடைத்துவிட்டு, பூங்காவுக்குள் வளைந்து செல்லும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். 2012இல் பணி முடிந்தது. முன்பு அதிகம் போனால் 24 மீட்டர் அகலமே இருந்த நீரோட்டம், பெருமழையில் ஏறக்குறைய 100 மீட்டர் வரை விரிய இப்போது இடமிருக்கிறது. மற்ற நாள்களில் அந்தப் புல்வெளியில் மக்கள் பட்டம் விடுகிறார்கள். நீர் ஏறும்போது அபாயச் சங்கு ஒலிக்க, அவர்கள் விலகிக்கொள்ள, ஆறு வந்து இடத்தை எடுத்துக்கொள்கிறது. பெரியவர் கலங்கல் சொன்ன ‘காத்திருக்கும் இடம்’ இதுதான்.

கரையைக் கட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வேலையைத் தொடங்குமுன் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு கிளை வாய்க்காலில் பத்து விதமான கரை அமைப்புகளைச் சோதித்துப் பார்த்தார்கள்: கற்களுக்கு இடையே செருகிய கிளைகள், கட்டுக் கட்டாகப் புதைத்த சுள்ளிகள், வேரோடிய பாய்கள் என்று பல. வெப்பமண்டல மழையின் வேகத்துக்கு எது தாங்குகிறது, எந்த உள்ளூர்ச் செடி மண்ணைப் பிடிக்கிறது என்று அறிந்த பின்னரே ஆற்றில் கைவைத்தார்கள். பழைய கால்வாயிலிருந்து பெயர்த்த கான்கிரீட் பாளங்கள் பூங்காவிலேயே ஒரு குன்றாகக் குவிக்கப்பட்டன. மீன்களும் தும்பிகளும் தாமாக வந்தன. சில ஆண்டுகளில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றும் வந்து சேர்ந்து இந்நகரத்தின் செல்லமாகவே ஆகிவிட்டது.

எச்சரிக்கை இதுதான். இதே சிங்கப்பூரில் தெங்கா என்ற இடத்தில், தானாக வளர்ந்து அடர்ந்திருந்த காட்டின் பெரும்பகுதியை அகற்றி, 42,000 வீடுகளுக்கு இடந்தரும் 700 ஹெக்டேர் நகரியம் எழுகிறது. அதன் பெயரே ‘காட்டு நகரம்’. ஐந்து கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள காட்டு வழித்தடம் ஒன்றை அதில் விட்டு வைத்திருக்கிறார்கள்; அது இல்லாததைவிட மேல்தான். ஆனால் கான்கிரீட்டை உடைத்து ஆறு செய்வதையும், காட்டை வெட்டி அதன் கீற்றொன்றை மிச்சம் வைப்பதையும் ஒரே ‘பசுமை’ என்ற சொல்லால் குறிப்பது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் ஆலோசனை நிறுவனம் எதைத் திருப்பித் தருகிறது என்று கேட்பதற்கு முன், எதை எடுத்துக்கொள்கிறது என்று கேளுங்கள்.

பதில்: தியவன்னா

கொழும்பிலிருந்து எழுதுகின்றேன். எங்கள் பாராளுமன்றக் கட்டடத்தை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஜெப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், கோட்டேயின் சதுப்புப் பள்ளத்தாக்கைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் ஒரு தீவை விட்டு, அதன்மேல் எழுப்பப்பட்டது. நீரையும் கூரையையும் அவர் இணைத்த அழகில் குறை சொல்ல எவராலும் இயலாது. ஆனால் 2010 நவம்பர் மழையில் அந்தப் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. நகரைச் சுற்றிச் சதுப்புக் காணிகளை ஆண்டாண்டாக நிரப்பி வந்ததன் விளைவைச் சட்டம் இயற்றுவோர் தங்கள் வாசலிலேயே கண்டார்கள்.

அதன் பிறகு இங்கே ஏற்பட்ட மாற்றம் கவனிக்கத்தக்கது. எஞ்சிய சதுப்புகளை வெள்ளத் தடுப்பு உட்கட்டமைப்பாகவே கணக்கில் எடுத்துத் திட்டமிட்டார்கள். பெத்தகான போன்ற இடங்களில் மண்ணை நிரப்பாமல், தூண்களின் மேல் மரப்பலகை நடைபாதை அமைத்து, நீரும் விலங்கும் அடியில் செல்ல விட்டிருக்கின்றார்கள். இந்நகரச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்றும் வாழ்கின்றது. 2018இல் ராம்சார் சாசனத்தின் ஈரநில நகரமாகக் கொழும்பு ஏற்கப்பட்டது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்; காணி நிரப்பும் லொறிகள் இன்னும் ஓடத்தான் செய்கின்றன.

பதில்: மறுப்பு

எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 84 குடும்பங்கள் தங்கள் சேமிப்பில் பள்ளத் தோட்டம் வெட்டி, தொட்டி கட்டி, ஒன்றரை ஏக்கரைத் திருத்துவார்கள். அதற்கு அப்பால் 200 அடிச் சாலை சதுப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு அப்படியே நிற்கும். குறுகிய பாலங்களுக்கு அடியில் நீர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பொறுப்பை இப்படிக் குடியிருப்போர் தலையில் இறக்கி வைப்பது, பெரிய தவறுகளைச் செய்தவர்களுக்குச் செய்யும் உதவியாக ஆகிவிடாதா?

மேலும், ‘சீரமைப்பு’ என்ற பெயரில் சதுப்பையே ஆழமாகத் தூர்வாரிக் கரை கட்டி, நடைபாதையும் இருக்கையும் போடும் வேலையைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

பதில்: நாமக்கோழி

மறுப்பு அவர்களே, இரண்டாவதில் உங்களோடு முழுதும் உடன்படுகிறேன். கொசு உள்ளானுக்கு ஒரு விரல் ஆழம் போதும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் ஆழம் வரை இறங்கும். சரிவான சேற்றுக் கரையை வெட்டிச் செங்குத்தாக்கி ஐந்தடி ஆழம் செய்தால், நீர் கொள்ளளவு கூடியதாகக் கணக்குக் காட்டலாம். வாத்துகளும் நாமக்கோழிகளும் நீந்தும். நடந்து இரை தேடும் பறவைகள் அத்தனைக்கும் அது கிணறு.

பதில்: கலங்கல்

சாலையைப் பற்றி மறுப்பு சொல்வது சரி. அதன் அடியில் நீர்வழிகளை அகலப்படுத்துவதும், ஒக்கியம் மடுவை அடைபடாமல் வைத்திருப்பதும், மேலுள்ள ஏரிகளின் வரத்துக்கால்களையும் போக்குக்கால்களையும் திறந்து விடுவதும் அரசு மட்டுமே செய்யக்கூடியவை. ஒரு மனையால் கழுவெளியை மீட்க முடியாது. ஆனால் தன் மனையை இரண்டடி உயர்த்திவிட்டு, சாலையை ஏன் உயர்த்தினீர்கள் என்று மனுக் கொடுக்கப் போகிறவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரி முதலில் அவருடைய வரைபடத்தைத்தான் கேட்பார். அந்த நாற்காலியில் நானும் இருந்திருக்கிறேன்.

கேள்வியாளர் பதில்: வேளச்சேரிவாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேரில் போனேன். காற்றூதும் இயந்திரம் இரண்டில் ஒன்று எட்டு மாதங்களாக ஓடவில்லை என்று காவலாளி சொன்னார். பராமரிப்புக் கட்டணத்தை மாதந்தோறும் நாங்கள் செலுத்தித்தான் வந்திருக்கிறோம். அதைச் சரிசெய்வதற்கும், மின்பலகையை முதல் தளத்துக்கு மாற்றுவதற்கும் செயற்குழு ஒப்புக்கொண்டுவிட்டது. கண்ணாடிக் கூடம் கைவிடப்பட்டது.

பள்ளத் தோட்டத்துக்குத்தான் கடும் எதிர்ப்பு. ‘வெள்ளம் வரும் இடத்தில் இன்னும் பள்ளம் தோண்டுவதா?’ என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டபோது, 150 லாரிக் கணக்கைச் சொன்னேன். கூட்டம் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கொசு வருமே என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. நீர் எத்தனை நாள்களுக்குள் வடிய வேண்டும், களிமண்ணில் அதற்கு எப்படிப் போக்கு வைப்பது என்று பெரியவர் கலங்கல் அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: கலங்கல்

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள்கள் வேண்டும். மூன்று நாளில் வடிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தோட்டத்தின் அடியில் ஓரடி ஜல்லி பரப்பி, அதில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, மூடி போட்ட ஒரு தொட்டியில் கொண்டுபோய் விடுங்கள்; அங்கிருந்து, தெரு வடிகால் இறங்கிய பிறகு சிறு மோட்டாரால் வெளியேற்றலாம். மனையின் அளவுகளையும் தெரு வடிகாலின் அடிமட்டத்தையும் எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமைக்குள் ஒரு வரைபடம் போட்டுத் தருகிறேன்.